கடிதம் காத்தவர்கள்: புன்னக்காயலிலிருந்து இடைசெவல் வரை

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னக்காயல். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களுள் ஒன்று. தமிழ் அச்சு வரலாறு படித்தவர்கள் இவ்வூரின் பெயரை அன்ரிக் அடிகளாரோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பார்கள். இக்கட்டுரை அச்சைப் பற்றியதல்ல. கைப்பட எழுதப்பட்ட கடிதங்களைப் பற்றியது. தூரத்தில் இருக்கும் இருவர் தம் அன்றாடச் சுகதுக்கங்களைக் கடிதத்தில் பகிர்ந்துகொள்ளும்போது என்ன நிகழ்கிறது, அந்தக் கடிதங்களை யார் காப்பாற்றுகிறார்கள் என்பதே நம் கேள்வி. அதற்குப் புன்னக்காயல் கரையில் தொடங்கி, கரிசல் காட்டின் இரண்டு சங்கீதப் பைத்தியங்கள் வரை போக வேண்டியிருக்கிறது.

பிரான்சிஸ் சேவியர் 1542இல் இக்கரைக்கு வந்தார். தமிழ் அறியாதவர். இரு மொழியும் தெரிந்தவர்களை உடன் வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கிக்கொண்டார். கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டி, அவற்றைச் சேர்ந்து ஓதச் செய்தார். அவருடன் லிஸ்பனிலிருந்து புறப்பட்டவர்களுள் ஒருவர் பிரான்சிஸ்கோ மன்சில்யாஸ். 1544இன் தொடக்கத்தில் இவரும் இக்கரைக்கு வந்து சேர்ந்தார். பரவர் ஊர்களை இருவரும் பிரித்துக்கொண்டு வேலை செய்ததால், ஒருவர் ஓர் ஊரில் இருந்தால் மற்றவர் இன்னோர் ஊரில் இருப்பார். அந்த ஒரே ஆண்டில் சேவியர் அவருக்கு எழுதியவற்றுள் இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. புன்னக்காயல், மணப்பாடு, தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம் என்று அவை எழுதப்பட்ட ஊர்களின் பெயர்களே ஒரு கடற்கரை வரைபடம்.

ஐரோப்பாவுக்குச் சேவியர் எழுதிய நீண்ட கடிதங்கள் வேறு வகை. அவை பலர் படிப்பதற்கென்று எழுதப்பட்டவை. மன்சில்யாசுக்கு எழுதியவையோ துண்டுச் சீட்டுகள் போன்றவை. பொறுமையாக இரு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடாதே, ஊராரிடம் தகப்பனைப் போல் நடந்துகொள் என்ற புத்திமதிகள் அவற்றில் உண்டு. கூடவே மனிதரின் சலிப்பும் உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில், தம் நாட்டவரான போர்த்துக்கீசியர் செய்த அடாவடிகளால் மனம் வெறுத்து, உயிரோடு இருப்பதே பாரமாகிவிட்டது என்கிற அளவுக்கு எழுதிவிடுகிறார். ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியபோது, மக்கள் கடலில் இருந்த பாறைகளுக்குத் தப்பி ஓடினார்கள். பசியாலும் தாகத்தாலும் அங்கே செத்தார்கள். இருபது தோணிகளுடன் மணப்பாட்டிலிருந்து கிளம்பிய சேவியரால் எதிர்க்காற்றை மீறி அவர்களிடம் போய்ச் சேர முடியவில்லை. இதையும் அவர் மன்சில்யாசுக்குத்தான் எழுதினார். வெற்றியைப் பலருக்கு எழுதலாம். கைகூடாமல் போனதை எழுதுவதற்கு ஒரு தனி ஆள் வேண்டும்.

இந்த உறவின் முடிவு இனியதல்ல. மலுக்குத் தீவுகளுக்குச் செல்லுமாறு வந்த ஆணைக்கு மன்சில்யாஸ் பணியவில்லை. சேவியர் அவரைச் சபையிலிருந்து நீக்கினார். ஆயினும் மன்சில்யாஸ் அந்தக் கடிதங்களைத் தூக்கி எறியவில்லை, காத்து வைத்திருந்தார். சேவியரைப் பற்றி 1557இல் கொச்சியில் நடந்த விசாரணையில் சாட்சியமும் சொன்னார். நீக்கப்பட்டவர் காத்ததால்தான் நீக்கியவரின் அன்றாடம் நமக்குத் தெரிகிறது. மன்சில்யாஸ் எழுதிய மறுமொழிகள் கிடைக்கவில்லை. கடிதங்களின் வரலாற்றில் இது அடிக்கடி நேர்வது: எழுதியவனின் பெயர் நிற்கும், காத்தவனின் குரல் மறையும்.

இனி, நானூறு ஆண்டுகள் தள்ளி, ஆற்றங்கரையை விட்டுக் கரிசலுக்குப் போகலாம். பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள சிற்றூர் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923இல் இவ்வூரில் பிறந்தவர்கள். ஒருவர் நிலபுலம் உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளை. மற்றவர் கைத்தொழில் செய்து பிழைத்த ஆசாரிக் குடும்பத்துப் பிள்ளை. கிராமத்து வழக்கப்படி பார்த்தால் இந்த இரு வீடுகளுக்கும் இடையில் தூரம் உண்டு. அந்தத் தூரத்தைக் குறைத்தவற்றுள் புத்தகம் ஒன்று, இடதுசாரி அரசியல் இன்னொன்று. இவற்றுக்கு ஈடாக நின்றது சங்கீதம்.

அன்றைய கரிசலில் சங்கீதம் கேட்பது எப்படி என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சபாக்கள் சென்னையிலும் பெரிய நகரங்களிலும் இருந்தன. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. ஆனால் கிராமத்தில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகள் மிகக் குறைவு. திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் 1963இல்தான் வந்தது. எனவே நல்ல சங்கீதம் என்றால் கோயில் கொடையும் கல்யாணமும்தான். அதிலும் நாதஸ்வரம். வாய்ப்பாட்டுக் கச்சேரிக்குக் கூரையும் சீட்டும் வேண்டும். நாதஸ்வரம் தெருவில் வரும். கோயிலுக்குள் எல்லாச் சாதியாரும் நுழையச் சட்டம் இடம் கொடுத்தது 1939இல். அதற்கு முன்பே, வாசலோடு நிறுத்தப்பட்டவர்களின் காதுக்கும் சுவாமி புறப்பாட்டின் தோடி போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த வட்டாரத்தின் பெருமிதம் காருகுறிச்சி அருணாசலம். சேரன்மாதேவிக்கு அருகில் தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள காருகுறிச்சியில் 1921இல் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, பிறகு கோவில்பட்டியில் குடியிருந்தவர். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த நாதஸ்வரம் அவருடையதுதான் என்பதைப் பலரும் அறிவார்கள். கி.ரா.வுக்கு அவர் நெருங்கிய நண்பர். இன்னொருவர் விளாத்திகுளம் சுவாமிகள். ராக ஆலாபனைக்குப் பெயர் பெற்ற இவரை இடைசெவல் நண்பர்கள் இருவருமே ஆசான் இடத்தில் வைத்துப் போற்றினார்கள். ஜமீன் மரபில் வந்த சுவாமிகள், நாதஸ்வரக்காரர், சம்சாரி வீட்டுப் பிள்ளை, ஆசாரி வீட்டுப் பிள்ளை — இப்படி நாலு பேர் ஒரு ராகத்தின் முன்னால் சமமாக உட்கார முடிந்தது என்பது சின்ன விஷயம் அல்ல.

பிறகு பிழைப்பு நண்பர்களைப் பிரித்தது. அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னை சென்றார். 'ஆனந்த போதினி', 'பிரசண்ட விகடன்', 'சக்தி' என்று இதழ் மாறி இதழாக உழைத்தார். ஐம்பதுகளில் மலாயாவுக்குப் போய்க் கோலாலம்பூரில் 'தமிழ் நேச'னில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பினார். கி.ரா. பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர், காசநோயோடு போராடியவர், ஊரிலேயே விவசாயம் பார்த்தவர். இருவருக்கும் நடுவே எஞ்சியது தபால்.

அழகிரிசாமி அனுப்பிய கடிதங்களைக் கி.ரா. பத்திரப்படுத்தி, பின்னாளில் நூலாகத் தொகுத்தார். படித்த புத்தகம், கேட்ட பாட்டு, வேலையின் நெருக்கடி, பணத் தட்டுப்பாடு, ஊர் நினைப்பு என்று எல்லாம் கலந்து வருகிற எழுத்து அது. இலக்கியம் தனிப் பெட்டியிலும் வீட்டுக் கவலை தனிப் பெட்டியிலும் வைக்கப்படவில்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றது தானாக வருகிறது. சங்கீதத்தைப் பற்றிப் பேசுகிறவனிடம் கடனைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசலாம் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. ஒரு ராகத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. நேரில் என்றால் வாயால் இழுத்துக் காட்டிவிடலாம். கையை வீசி, தலையை ஆட்டிப் புரியவைத்துவிடலாம். கடிதத்தில் அது சொல்லாக வேண்டும். கேட்ட அனுபவத்தை, கேட்காத நண்பனின் காதில் விழும்படி எழுத வேண்டும். இந்தப் பயிற்சி இருவரின் உரைநடைக்கும் உரம் ஆயிற்று என்றே நான் கருதுகிறேன். அழகிரிசாமியின் கதைகளில் வரும் பிசிறில்லாத சொற்சிக்கனமும், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பிக்க அவரைத் தூண்டிய காதும் வேறு வேறல்ல. கி.ரா.வின் முதல் கதைகள் ஐம்பதுகளின் இறுதியில்தான் வெளிவருகின்றன. அதற்குள் பல ஆண்டுகள் கடிதத்தில் பேசிப் பழகிவிட்டார். பின்னாளில் அவர் பத்திரிகையில் எழுதிய புகழ்பெற்ற தொடருக்கு 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்று பெயர் வைத்தது தற்செயலாகத் தோன்றவில்லை. முகம் தெரிந்த ஒருவனுக்குச் சொல்வது போல் ஊருக்கே சொல்லலாம் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது கடுதாசிதான்.

திருநெல்வேலியில் இந்தக் கடித மரபு இவர்களோடு தொடங்கியதும் அல்ல. வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி நடத்திய ரசிகமணி டி.கே.சி. (1882–1954) தம் ரசனையின் பெரும்பகுதியை நூலாக எழுதாமல் நண்பர்களுக்குக் கடிதமாகவே எழுதினார். 1941க்குப் பின் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, பாட்டின் சொல் கேட்பவனுக்குப் புரிய வேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் முன்னின்றார். மேடையில் அவர் சொன்னதைக் காட்டிலும் கடிதத்தில் சொன்னது நெருக்கமானது. இடைசெவல் நண்பர்கள் அவரையும் அறிந்தவர்கள்.

காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தார். அழகிரிசாமி 1970 ஜூலையில், நாற்பத்தேழு முடிவதற்குள். 'அன்பளிப்பு' தொகுதிக்கான சாகித்ய அகாதமி விருது அவர் இறந்த பிறகே வந்தது. கி.ரா. அதன் பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1991இல் அதே விருதைப் பெற்று, 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமானார். உடல் இடைசெவலுக்கே கொண்டுவரப்பட்டது. அந்த நீண்ட ஆயுளில், நண்பனின் கையெழுத்து அவரிடம் பத்திரமாக இருந்தது.

சேவியரையும் மன்சில்யாசையும் கட்டியது சமயமும் ஆணையும். ஆணை மீறப்பட்டதும் உறவு முறிந்தது. இடைசெவல் நண்பர்களுக்கு நடுவே ஆணையிடுபவர் எவரும் இல்லை. ஒரு நல்ல தோடியைச் சேர்ந்து கேட்ட நினைவு மட்டுமே இருந்தது. அது முறியவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் வரலாற்றுக்கு உதவியது ஒரே காரியம்தான்: பெற்றவர் கிழிக்காமல் வைத்திருந்தார். நம் இலக்கிய வரலாறுகள் யார் எழுதினார்கள் என்று கணக்கெடுப்பதில் காட்டும் அக்கறையை, யார் காத்தார்கள் என்பதிலும் காட்ட வேண்டும். சிறுபத்திரிகைக்காரர்கள், வித்வான்கள், ரசிகர்கள் ஆகியோரின் வீட்டுப் பரண்களில் இன்னமும் தகரப்பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுமுன், ஒரு முறை திறந்து படித்துப் பார்ப்பது நல்லது.