அளவைக் குறித்த விகுதி உறவைக் குறித்த வரலாறு

'கெரில்லாப் போர்' என்னும் தொடர் தமிழில் நன்கு வேரூன்றியது. ஸ்பானிய மொழியில் 'கெர்ரா' என்றால் போர். சிறுமை உணர்த்தும் விகுதி சேர்ந்தால் 'கெரில்லா', அதாவது சிறுபோர். 1808 முதல் 1814 வரை நெப்போலியனின் படைகளை ஸ்பெயின் எதிர்த்து நின்ற காலத்தில் இச்சொல் உலக மொழிகளுக்குப் பரவியது. இங்கு விகுதி அளவையே சுட்டியது. அன்றாடப் பேச்சில் அதன் பணி வேறு.

அதன் வேர் பேச்சு இலத்தீனில் உள்ளது. எழுத்து இலத்தீனில் காது 'அவுரிஸ்'. மக்களோ 'சிறுகாது' எனப் பொருள்படும் 'ஒரிக்லா'வையே வழங்கினர். 'ப்ரோபியின் பின்னிணைப்பு' எனப்படும் பழைய திருத்தப் பட்டியல் அதனைப் பிழையெனத் தள்ளியது. ஆயினும் அப்பிழையே நிலைத்து, ஸ்பானியத்தில் 'ஒரேஹா' ஆயிற்று. தேனீயைக் குறிக்கும் 'அபேஹா', ஆட்டைக் குறிக்கும் 'ஓவேஹா', முதியவரைக் குறிக்கும் 'வியேஹோ' ஆகியனவும் அவ்வாறே சிறுமை வடிவங்களிலிருந்து பிறந்தவை. இன்று அவற்றில் சிறுமைப் பொருள் இல்லை.

1492இல் காஸ்டிலிய மொழிக்கு இலக்கணம் வகுத்த நெப்ரிஹா, இவ்வடிவம் மூலச்சொல்லின் பொருளைச் சிறிதாக்குவது என்றே வரையறுத்தார். 1935இல் அமாதோ அலோன்சோ எழுதிய கட்டுரை இப்பார்வையை மாற்றியது. பேசுவோரின் உணர்வும், கேட்போரைத் தம் வசப்படுத்தும் நோக்கமுமே இவ்விகுதியில் முதன்மையானவை. அளவு பின்னதே என்பது அவர் துணிபு.

மெக்சிகோவின் வழக்கு இதற்குச் சான்று. 'அஹோரா' என்றால் இப்போது. காலத்தைக் காட்டும் அவ்வினையடையும் 'இத்தா' விகுதி ஏற்று 'அஹோரித்தா' ஆகிறது. உடனே என்றும், சற்றுப் பொறுத்து என்றும் அது பொருள்படும். மறுப்பையும் தாமதத்தையும் மென்மையாக்கும் கருவி அது. தமிழில் 'கொஞ்சம் இருங்கள்' என்பதிலுள்ள 'கொஞ்சம்' போன்றது. நாவாத் மொழியில் மதிப்பும் அன்பும் உணர்த்தும் 'த்சின்' விகுதியின் தாக்கமே மெக்சிகோவில் இவ்வழக்கு பெருகக் காரணம் என்பர் சிலர். நாவாத் வழங்காத ஆண்டிஸ் பகுதியிலும் இது மிகுதி என்பதால் அக்கருத்தை மறுப்போரும் உளர்.

இவ்விகுதி எப்போதும் அன்பின் அடையாளமன்று. பண்ணையாள் முதலாளியைப் 'பத்ரோன்சித்தோ' என விளிக்கையில் அது பணிவு. மேலிருப்போர் பழங்குடியினரை 'இந்தித்தோ' எனச் சுட்டுகையில் இரக்கத்தின் போர்வையில் இழிவு. வடிவம் ஒன்றே; பேசுவோர் நிற்கும் இடமே பொருளை மாற்றுகிறது. ஆகவே, ஒரு சொல்லின் சிறுமை வடிவத்தை ஆராய்வோர் அது எப்பொருளைச் சுட்டுகிறது என்பதோடு, யார் யாரிடம் சொன்னது என்பதையும் கேட்டாக வேண்டும்.