சக்சினைல்கோலின் மூச்சுத்தடை

சக்சினைல்கோலின் மூச்சுத்தடை என்பது, அறுவை சிகிச்சையின்போது செலுத்தப்படும் தசைத் தளர்த்தி மருந்து உடலில் சிதையாமல் தங்குவதால், நோயாளி நீண்ட நேரம் தானாக மூச்சுவிட முடியாமல் போகும் நிலையாகும். பரம்பரையாக வரும் ஒரு நொதிக் குறைபாடு இதற்கு முக்கியக் காரணம். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் வாழும் ஆரிய வைசியரிடையே இக்குறைபாடு மிகுதி.

வரலாறு

சக்சினைல்கோலின் 1951 முதல் ஐரோப்பிய அறுவை அரங்குகளில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு நிமிடத்தில் தசைகளைத் தளர்த்தி, மூச்சுக்குழாயில் குழல் செருக வழிசெய்யும். 5 முதல் 10 நிமிடங்களில் அதன் விளைவு நீங்கிவிடும். கல்லீரலில் உருவாகும் போலிக் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியே மருந்தைச் சிதைக்கிறது. ஆனால் சிலருக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பவில்லை. 1957-இல் டொராண்டோவில் வெர்னர் கலோ, டிபுகெய்ன் எண் என்னும் சோதனையின் மூலம் பரம்பரையாக வரும் மாறுபட்ட நொதியைக் கண்டறிய வழிகாட்டினார்.

மூச்சுக் கருவிகள்

1928-இல் பாஸ்டனில் பயன்பாட்டுக்கு வந்த 'இரும்பு நுரையீரல்', உடலைச் சுற்றிய பெட்டியில் காற்றழுத்தத்தைக் குறைத்து மார்பை விரியச் செய்தது. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் பையைக் கையால் அழுத்தி, குழல் வழியே நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தினர். செயற்கைச் சுவாசக் கருவியான இன்றைய வென்டிலேட்டரும் காற்றை உள்ளே தள்ளும் இம்முறையையே பின்பற்றுகிறது. மூச்சுத்தடைக்கும் இதுவே சிகிச்சை: மருந்து தானாக நீங்கும்வரை நோயாளியை உறக்கத்தில் வைத்துச் சுவாசம் அளிக்க வேண்டும்.

கோவை ஆய்வு

கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதி குழுவினர், அமெரிக்காவின் ஒக்சானா லாக்ரிட்ஜுடன் இணைந்து வைசியரிடம் ஆய்வு நடத்தினர். நொதியின் 307-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாகப் புரோலின் இருப்பதை 2006-இல் வெளியிட்டனர். ஐரோப்பியரில் ஏறத்தாழ 1,00,000 பேரில் ஒருவருக்கு இந்நொதி செயல்படுவதில்லை. ஆய்வுக்குட்பட்ட வைசியரில் 24 பேரில் ஒருவருக்கு அந்நிலை இருந்தது. சிறு மூதாதையர் குழுவும் சமூகத்துக்குள்ளேயே நடந்த திருமணங்களும் இதற்குக் காரணம். 2009-இல் வெளியான மரபணு ஆய்வு, இந்தத் தொடக்கம் 100 தலைமுறைகளுக்கும் முற்பட்டது எனக் கணித்தது.

முன்னெச்சரிக்கை

இக்குறைபாடு உள்ளவர் அன்றாட வாழ்வில் நலமாகவே இருப்பார். அறுவை அரங்கில்தான் இது வெளிப்படும். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பின் மூச்சு தாமதமாகத் திரும்பியிருந்தால், மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்நொதியைச் சாராத ரோகுரோனியம் போன்ற மருந்தை அவர் தேர்ந்தெடுக்கலாம்.