தட்டிப் பார்த்த பாட்டியும் தொடாத லேசரும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு கிராமம் எங்களுடையது. 1956-ல் எல்லை பிரித்தபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் கேரளாவில் நின்றுவிட்டோம். ஆனாலும் பாத்திரம் வாங்க பாட்டிக்கு எல்லை தாண்டி களியக்காவிளைதான். வெண்கல உருளியைத் தூக்கிப் பிடித்து, விரலை மடக்கித் தட்டுவார். கணீரென்று நீண்டு ஒலித்தால் விலை பேசுவார். சத்தம் சட்டென்று செத்துப்போனால், "உள்ள கீறல் கிடக்கு, வேண்டாம்டே" என்று வைத்துவிடுவார்.

இன்று கடல் கடந்து எனக்குச் சோறு போடுவதும் அதே வேலைதான். உலோகத்தை வெட்டாமல், உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது.

காதுக்கு எட்டாத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பிக் குறை தேடலாம் என்று 1928-ல் சொன்னவர் சோவியத் விஞ்ஞானி சொகோலோவ். 1940-களில் அமெரிக்கரான ஃபயர்ஸ்டோன் எதிரொலியை வைத்துப் பார்க்கும் கருவி செய்தார். ஆனால் அந்தக் கருவி உலோகத்தைத் தொட வேண்டும், நடுவில் எண்ணெயோ கூழோ பூச வேண்டும். செக்கச்சிவந்து உருண்டு வரும் எஃகுக் குழாயை எப்படித் தொடுவது?

1960-ல் லேசர் வந்தது. 1963-ல் ரிச்சர்ட் ஒயிட், மேற்பரப்பைக் கணநேரம் சூடாக்கினாலே உள்ளே ஒலியலை பிறக்கும் என்று காட்டினார். (அதே வருஷம் நவம்பர் 21-ல்தான் எங்களுக்கு வடக்கே தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது!)

விஷயம் எளிது. லேசர் பட்ட இடம் திடீரென விரிகிறது, அந்த அதிர்ச்சி அலையாக உள்ளே ஓடுகிறது. திரும்பி வரும் அதிர்வை இன்னொரு லேசர் படிக்கிறது. எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் போகும். 59 மி.மீ. தகட்டில் போய்த் திரும்ப 20 மைக்ரோ நொடி. 10-லேயே எதிரொலி வந்தால் பாதி வழியில் ஏதோ மறிக்கிறது என்று அர்த்தம்.

நம் நாட்டில் உடைக்காமல் சோதிக்கும் இந்தத் துறை வளர்ந்ததில் கல்பாக்கத்துக்கும், அங்கே இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜுக்கும் (1947–2018) பெரிய பங்குண்டு.

ஒருமுறை, சரக்கு அவசரம், கையெழுத்துப் போடு என்று நெருக்கினார்கள். திரையில் ஓர் எதிரொலி முந்திக்கொண்டு வந்திருந்தது. சின்னதுதான். ஆனால் அது அழுத்தம் தாங்க வேண்டிய குழாய், வெடித்தால் பக்கத்தில் நிற்பவன் போய்விடுவான். வேண்டாம் என்றேன். முகம் சுளித்தார்கள். அறுத்துப் பார்த்தால் உள்ளே முடி போல விரிசல்.

கருவி எதிரொலியைத்தான் காட்டும். வேண்டாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைப் பாத்திரக்கடைக்குக் கூட்டிப்போய் ஓர் உருளியைத் தட்டச் சொல்லுங்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.