நானம்மாள் பாட்டி விட்டுப்போன சொத்து

நம்ம பகுதியில் வாழ்ந்து மறைந்த ஒரு தாயைப் பற்றி மலருக்கு எழுதிக் கொடு அம்மணி என்று எங்க குழுத் தலைவி அக்கா சொன்னாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது யோகா பாட்டி நானம்மாள்தான்.

1920-ம் வருஷம் பொள்ளாச்சி பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவங்க. எட்டு வயசில் தன் அப்பாவிடமே ஆசனம் கத்துக்கிட்டாங்க. பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவே யோசித்த காலம் அது. மகளுக்கு நகைநட்டு சேர்ப்பதைத்தான் எல்லோரும் நினைப்போம். அந்த அப்பா உடம்பைக் காப்பாற்றும் வித்தையைக் கொடுத்திருக்கிறார்.

கல்யாணம் ஆன பிறகும் பாட்டி அதை விடவில்லை. வீட்டுக்காரர் சித்த வைத்தியம் பார்த்தவர். ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாங்க. சமையல், தண்ணி, துணி என்று நமக்குள்ள வேலை எல்லாம் அவங்களுக்கும் இருந்திருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு பேரன் பேத்திகளுக்கும் சொல்லிக்கொடுத்தாங்க. அந்தக் குடும்பத்தில் மட்டும் 36 பேர் யோகா ஆசிரியர்கள் ஆனதாகச் செய்தித்தாள்களில் வந்தது. கோயமுத்தூரில் வெளியாட்களும் நிறையப் பேர் வந்து கத்துக்கிட்டாங்க.

ஜூன் 21-ஐ உலக யோகா தினம் என்று ஐக்கிய நாடுகள் சபை 2014-ல்தான் அறிவித்தது. அதற்குள் பாட்டி எண்பது வருஷத்துக்கு மேல் செய்து முடித்திருந்தாங்க! 2016-க்கான நாரி சக்தி விருது கிடைத்தது. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அப்போ வயசு 98. சேலை கட்டிக்கிட்டே ஆசனம் செய்ததை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீங்க. 2019 அக்டோபர் 26-ம் தேதி 99 வயசில் காலமானாங்க. நூறு முடிய நாலு மாசம்தான் பாக்கி.

இதை எழுதும்போது எங்க அம்மா நினைப்புதான் வருது. களை வெட்டப் போய், மாடு கறந்து எங்களை ஆளாக்கினாங்க. முட்டி வலியை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "நான் படுத்தா அடுப்பு யார் பத்த வைக்கிறது?" என்பாங்க. ஐம்பத்தெட்டு வயசில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருச்சாங்க. பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைக்க ஆசைப்பட்டாங்க, முடியவில்லை. தன்னைக் கவனிக்காமல் இருப்பதுதான் பாசம் என்று அம்மா நினைத்தாங்க. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நானம்மாள் பாட்டியும் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவங்கதான். ஆனால் தன் உடம்பையும் பார்த்துக்கிட்டாங்க. அதனால்தான் பேரன் பேத்திகளுக்குப் பாரமாக இல்லாமல் குருவாக இருந்தாங்க.

நம்ம கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து எழுந்திருக்க எத்தனை பேர் "அப்பாடா" என்கிறோம்? எனக்கே முப்பத்தாறு வயசுதான், இடுப்பு பிடிக்குது. சேமிப்புப் பணத்துக்கு நோட்டு போடுகிறோம், கடனுக்கு நோட்டு போடுகிறோம். உடம்புக்கும் தினம் ஒரு கால் மணி நேரம் சேமிக்க வேண்டாமா? வலி உள்ளவங்க டாக்டரிடம் கேட்டுவிட்டு, தெரிந்தவரிடம் முறையாகக் கத்துக்கிட்டுச் செய்யுங்க.

நான் போன மாசம் ஆரம்பித்துவிட்டேன். காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து பாய் விரிக்கிறேன். என் மகள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். அவளுக்கும் இப்போ எட்டு வயசுதான்.