தீவகமும் பிணி தீர்க்கும் ஊரொழுங்கும்

பசியையும் ஒரு பிணி என்றே கருதியவர் நம் முன்னோர். மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நமது நயினாதீவே என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. அக்காப்பியத்து அமுதசுரபியின் பெயரால் நாகபூஷணி அம்மன் சந்நிதியில் அன்னதான மண்டபம் விளங்குகின்றது. ஒருவன் பசியை ஊரார் கூடித் தீர்க்கும் இவ்வறம், ஏனைய பிணிகளுக்கும் பொருந்துமா என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பேணியதோடு நில்லாது, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, நம் இளைஞரைத் தமிழிலேயே வைத்தியராக்கினார். அது பெரும்பணியே. ஆயினும் ஆசுபத்திரி நோய் வந்தபின் நாடும் இடம். வருமுன் காக்கும் முறை, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதியோடு இந்நாட்டில் வேரூன்றியது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவிச்சி ஆகியோர் குறித்த எல்லைக்குள் ஊர்தோறும் சென்று கிணறு, மலசலகூடம், பிள்ளைப்பேறு என்பவற்றைக் கவனித்தனர். இம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. 1934-35இல் பல்லாயிரவரைப் பலிகொண்ட மலேரியா இலங்கையில் ஒழிந்துவிட்டதென 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இன்றைய பகை வேறு. இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்துக்கு எட்டளவு, இருதய நோய், புற்றுநோய், நீரிழிவு முதலிய தொற்றா நோய்களால் விளைபவை. உணவு, புகை, மது, உடலுழைப்புக் குறைவு என்பன இவற்றை வளர்க்கின்றன. ஆதலின் இவை தனிமனிதன் குற்றம் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் தீவகத்தைப் பாருங்கள். சுண்ணக்கல் நிலத்தின் கீழே உவர்நீரின்மேல் மழைநீர் மெல்லிய படையாகவே தங்குகின்றது. கோடையிற் கிணறுகள் உவர்க்கின்றன. குடிநீரே உவர்க்கும் ஊரில் உப்பைக் குறையுங்கள் என்று மட்டும் சொன்னால் போதுமா? வேலணையும் புங்குடுதீவும் தரைவழியால் இணைந்தவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து கடல்வழியே உண்டு. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். மாரடைப்பு, காற்றையும் கடலையும் பார்த்து வருவதன்று. நகரத்தானுக்கும் நெடுந்தீவானுக்கும் நோய் ஒன்றே. தப்பும் வாய்ப்போ ஒன்றன்று. ஆகவே வருமுன் காத்தல் தீவகத்துக்கு இருமடங்கு அவசியமாகும்.

அதற்கு வழி உண்டா? நம் மாவட்டமே வழிகாட்டியது. திருவிதாங்கூர்வரை விலைபோன யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் நம் செல்வமாயிருந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடுத்தது. கடைக்காரர் பலர் அதற்கும் அப்பாற் சென்றனர். சிகரெட் விற்பதில்லை என்று தாமே தீர்மானித்த 107 நகரங்களுள் 22 யாழ்ப்பாண மாவட்டத்தவை எனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கம் தெரிவித்தது. புகையிலையால் வாழ்ந்த மண்ணிலே இலாபத்தைத் துறந்து ஊர்நலம் பேணிய வணிகரை நாம் மறத்தலாகாது.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் பொதுச் சுகாதாரத்தைச் சபைகளின் கடமையாக்கியது. 2011 முதல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நடுத்தர வயதினரைப் பரிசோதிக்கத் தொடங்கின. இவை பயன்தர வேண்டுமாயின் ஊர் முன்வரல் வேண்டும். சனசமூக நிலையந்தோறும் மாதம் ஒருநாள் இரத்த அழுத்தமும் நீரிழிவும் பார்க்க ஒழுங்கு செய்யலாம். கோயிற் பந்தியில் உப்பையும் சீனியையும் குறைத்துக் கீரையும் தவிட்டரிசியும் கூட்டலாம். கூரை மழைநீரைத் தொட்டிகளிற் சேர்க்கலாம். நோயாளர் படகு எவ்வேளையும் ஆயத்தமாயிருக்கச் சபையிடம் ஒருமுகமாய்க் கேட்கலாம்.

இளைஞர்களே, முதியோரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும் ஒரு தொண்டே. பெரியோர்களே, பந்தியையும் கடையையும் திருத்தும் அதிகாரம் உங்கள் சொல்லுக்கு உண்டு. பசித்தவனை ஊர் கைவிடலாகாது என்ற அறம் நமக்குப் புதிதன்று. கடலுக்கு அப்பாலுள்ள நோயாளியையும் கைவிடாதிருப்பதே அவ்வறத்தின் நிறைவாகும்.