சொந்த சர்வரில் மூலநிரல்: கொள்கலன் மாற்றியதும் மாற்றாததும்

எழுதிய மூலநிரலை யாருடைய இயந்திரத்தில் வைப்பது என்பதற்கு மென்பொருள் உலகம் அரை நூற்றாண்டில் பலமுறை விடையை மாற்றிக்கொண்டிருக்கிறது. இன்று ஒரு சிறு குழு கிட்லேப், கிட்டீ, ஃபோர்ஜேயோ போன்ற ஒரு மேடையைத் தன் சொந்த சர்வரில் ஏற்ற வேண்டுமென்றால் சில பத்து வரிகள் கொண்ட ஒரு கம்போஸ் கோப்பும் ஒரே ஒரு கட்டளையும் போதும். 2012-இல் அதே வேலை ஒரு முழு நாளைத் தின்றுவிடும். இந்த மாற்றத்தைக் கொள்கலன்களின், அதாவது டாக்கர் கன்டெய்னர்களின், வெற்றிக் கதையாகவே எழுதும் வழக்கம் இருக்கிறது. அது பாதிக் கதைதான். கொள்கலன் நிறுவும் உழைப்பைக் குறைத்தது. காக்கும் உழைப்பு அப்படியே நின்றது. அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் முன்னைவிடத் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. இக்கட்டுரை அந்தப் பிரிவினை உருவான பாதையைப் பின்தொடர்கிறது.

தொடக்க காலத்தில் 'சொந்த சர்வர்' என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேறு சர்வரே கிடையாது. பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972-இல் எழுதிய எஸ்.சி.சி.எஸ்., பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி 1982-இல் அளித்த ஆர்.சி.எஸ். இரண்டுமே ஒரே கணினியில் உள்ள கோப்புகளின் திருத்தங்களைப் பதிந்து வைத்தவை. ஆம்ஸ்டர்டாம் விரிஜே பல்கலைக்கழகத்தின் டிக் குரூன், நேரம் ஒத்துவராத தன் மாணவர் இருவரோடு ஒரு கம்பைலரில் சேர்ந்து வேலை செய்வதற்காக ஆர்.சி.எஸ்.ஸின் மேல் சில ஷெல் ஸ்கிரிப்டுகளை எழுதினார். அவைதான் 1986-இல் வெளியான சி.வி.எஸ். பின்னர் வலைப்பின்னல் வழியாக அணுகும் வசதியும் அதற்கு வந்துசேர, யாரோ ஒருவர் சர்வரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை பிறந்தது.

அந்தப் பொறுப்பை இலவசமாக ஏற்கிறேன் என்று 1999 நவம்பரில் வி.ஏ. லினக்ஸ் நிறுவனம் சோர்ஸ்ஃபோர்ஜைத் திறந்தது. சி.வி.எஸ்., அஞ்சல் பட்டியல், வழுப் பதிவு, பதிவிறக்கப் பக்கம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. மேடையின் மூலநிரலும் முதலில் திறந்தே இருந்தது. 2001-இல் நிறுவனம் அதை மூடிக்கொண்டது. அதற்குள் வெளிவந்திருந்த நிரலை எடுத்துக்கொண்டு குனு திட்டத்தின் சவானா நடந்தது, ஜிஃபோர்ஜ் கிளைத்தது, அதிலிருந்து ஃப்யூஷன்ஃபோர்ஜ் வந்தது. டெபியன் திட்டத்தின் அலியோத் இந்தக் குடும்பத்து மென்பொருளில்தான் பதினைந்து ஆண்டுகள் ஓடியது. மேடையை நடத்துபவர் கதவைச் சாத்துவதும் பயன்படுத்துபவர்கள் பழைய நிரலோடு தனிக்குடித்தனம் போவதும் இந்த வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும். அவற்றுள் தெளிவாகப் பதிவான முதல் நிகழ்வுகளில் இது ஒன்று.

லினக்ஸ் கருநிரல் குழுவுக்கும் அதே பாடம் வேறு வடிவில் வந்தது. 2002 முதல் அவர்கள் இலவச உரிமத்தில் பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற வணிகத் திருத்தப் பதிவு மென்பொருளின் உரிமம், அதன் நெறிமுறையை ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஆராய்ந்ததை ஒட்டி எழுந்த சச்சரவில் 2005-இல் விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் தொடக்கத்தில் கிட்டை எழுத ஆரம்பித்தார். சில நாள்களில், ஏப்ரல் 7-ஆம் தேதி, கிட் தன் மூலநிரலைத் தானே பதிந்துகொண்டது.

நம் பொருளுக்கு இங்கே ஒரு செய்தி முக்கியம். கிட்டில் ஒவ்வொரு நகலும் முழு வரலாற்றையும் சுமக்கிறது. கோட்பாட்டளவில் அதற்கு மைய சர்வரே வேண்டாம். அப்படியிருந்தும் சர்வர் மேடைகள் பெருகின. 2008-இல் வந்த கிட்ஹப் ஒரு பேரரசாகவே வளர்ந்தது. ஏனென்றால் மக்களுக்கு மேடையில் தேவைப்பட்டது நிரலின் இருப்பிடம் மட்டுமல்ல. யார் எழுதலாம் யார் படிக்க மட்டும் செய்யலாம் என்ற அனுமதி, வழுக்களைப் பற்றிய உரையாடல், மாற்றங்களை ஏற்கும் முன் நடக்கும் மதிப்பாய்வு, தானியங்கிச் சோதனை ஆகியவையும் தேவைப்பட்டன. இவை எதுவும் கிட்டுக்குள் இல்லை, தரவுத்தளத்தில் இருக்கின்றன. இந்த வேறுபாடு கட்டுரையின் பிற்பகுதியில் திரும்ப வரும்.

சொந்த சர்வர்க்காரர்களுக்கு இவற்றுள் முதலில் கிடைத்தது அனுமதி மேலாண்மை மட்டும். கிட்டோசிஸும் அதன் குறைகளைத் தீர்க்க 2009-இல் இந்திய நிரலாளர் சீதாராம் சாமர்த்தி எழுதிய கிட்டோலைட்டும் ஓர் எளிய உத்தியில் இயங்கின. சர்வரில் 'கிட்' என்ற ஒரே பயனர்தான். வருபவர் யார் என்பதை அவருடைய எஸ்.எஸ்.எச். சாவி சொல்லும். அனுமதிப் பட்டியலே ஒரு கிட் களஞ்சியம். அதைத் திருத்தித் தள்ளினால் விதிகள் மாறிவிடும். வலைப் பக்கம் இல்லை, தரவுத்தளம் இல்லை. இத்தனை சிக்கனமான ஏற்பாடு பின்னர் வந்த எதிலும் இல்லை என்பது என் கருத்து.

வலைமுகம் கொண்ட மேடை உக்ரைனிலிருந்து வந்தது. கார்கிவைச் சேர்ந்த டிமித்ரி ஸபொரோஷெத்ஸ் 2011-இல் கிட்லேபை ரூபி ஆன் ரெயில்ஸில் தொடங்கியபோது அவர் குடியிருந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. பொதுக் கிணற்றுக்குத் தினமும் நடப்பதைவிட, சேர்ந்து நிரலெழுத நல்ல கருவி இல்லாததே அவருக்குப் பெரிய குறையாகப் பட்டதாம். நிறுவனமே தன் வரலாற்றில் இதைச் சொல்லிக்கொள்கிறது. தொடக்கக் கிட்லேப் அனுமதி வேலைகளுக்குக் கிட்டோலைட்டையே நம்பியிருந்தது. ரூபியின் சரியான பதிப்பு, அதற்கான நூலகங்கள், தரவுத்தளம், ரெடிஸ், எஞ்சின்எக்ஸ், கிட்டோலைட் ஆகிய ஒவ்வொன்றையும் கையால் நிறுவிப் பிணைக்க வேண்டும். ஒன்றின் பதிப்பு பிசகினாலும் மற்றவை எழாது. 2013 மார்ச்சில் வந்த 5.0 பதிப்பு கிட்டோலைட்டைக் கழற்றிவிட்டுச் சொந்த ஷெல்லை வைத்தது. 2014-இல் ஆம்னிபஸ் என்ற கட்டு வந்து எல்லாத் துணை மென்பொருள்களையும் ஒரே பொதியில் அடக்கியது.

அதே 2013 மார்ச்சில், கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில், டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிட உரையொன்றில் டாக்கரை அறிமுகப்படுத்தினார். அதன் அடியிலிருந்த தொழில்நுட்பம் எதுவும் புதியதல்ல. 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் சிரூட் இருந்தது. 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 4.0 'ஜெயில்' வசதியைத் தந்தது. கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கிய சி-குரூப் வேலை 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24-இல் இடம்பெற்றது. ஒவ்வொரு செயல்முறைக்கும் தனிப் பார்வை தரும் நேம்ஸ்பேஸ்கள் 2002 முதலே சிறுகச் சிறுகச் சேர்ந்துவந்தன. டாக்கர் தந்த புதுமை பொதியின் வடிவம். அடுக்கடுக்கான இமேஜ், அதைப் பெயர் சொல்லி இழுக்க ஒரு பொதுக் கிடங்கு, இமேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஒரு சின்னக் கோப்பு. அடுத்த ஆண்டு லண்டனின் ஆர்ச்சர்ட் குழுவை டாக்கர் வாங்கியது; அவர்களுடைய 'ஃபிக்' கருவிதான் பெயர் மாறி டாக்கர் கம்போஸ் ஆனது. மேடை, தரவுத்தளம், தற்காலிக நினைவகம் மூன்றையும் ஒரே கோப்பில் எழுதி ஒன்றாக எழுப்பும் வழக்கத்துக்கு வேர் அங்கேதான்.

கிட்லேபைக் கொள்கலனில் வைப்பதில் இரண்டு மரபுகள் எழுந்தன. ஒரு கொள்கலனுக்கு ஒரு வேலை என்ற டாக்கர் கொள்கைப்படி, தன்னார்வலர் ஒருவர் பராமரித்த இமேஜ் கிட்லேபையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் ரெடிஸையும் தனித்தனியே பிரித்து வைத்தது. நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இமேஜ் நேரெதிர்: ஆம்னிபஸ் பொதியை அப்படியே ஒரு கொள்கலனுக்குள் இறக்கியது. உள்ளே ஒரு மேற்பார்வைச் செயலி வலைச் சேவையையும் பின்னணி வேலைகளையும் தரவுத்தளத்தையும் எஞ்சின்எக்ஸையும் மேய்த்துக்கொண்டிருக்கும். கொள்கைவாதிகள் இதைக் கேலி செய்தார்கள். நடைமுறையில் பெரும்பாலோர் தேர்ந்தது இதைத்தான். எந்தப் பதிப்புக்கு எந்தப் போஸ்ட்கிரெஸ் பொருந்தும் என்ற தலைவலியை இது நிறுவனத்தின் தோளுக்கு மாற்றிவிட்டது. அதற்கு விலை நினைவகம்: குறைந்தது 4 ஜிபி ரேம் என்று அதன் ஆவணங்கள் நெடுங்காலம் கேட்டுவந்தன. 2014-இல் கோ மொழியில் பிறந்த கோக்ஸும் 2016 இறுதியில் அதிலிருந்து பிரிந்த கிட்டீயும் இந்தக் கனத்துக்குப் பதிலாகவே பரவின. கிட்டீ ஒரே இயங்கு கோப்பு, எஸ்க்யூலைட் போதும், சிறு குழுவுக்கு ஒரு ராஸ்பெரி பை கணினியில் ஓடும். கொள்கலன் இல்லாமலே எளிதாக நிறுவக்கூடிய இதையும் பலர் கொள்கலனில்தான் வைக்கிறார்கள். நிறுவும் எளிமை மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி நடந்திருக்காது. பழைய இமேஜை வீசிவிட்டுப் புதியதை வைக்கும் வசதியே அவர்களை இழுக்கிறது.

அந்த வீசும் வசதிதான் மறுபக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கொள்கலனை அழித்தாலும் அழியக்கூடாதவை எவை என்று முதலிலேயே முடிவு செய்து, அவற்றை வெளியே வால்யூமில் வைத்தாக வேண்டும். கிட்லேபின் இமேஜுக்கு அமைப்புக் கோப்புகள், பதிவேடுகள், தரவு என மூன்று வால்யூம்கள். இவற்றுள் பலர் கோட்டைவிடுவது முதலாவதை. கிட்லேபின் பேக்கப் கட்டளை களஞ்சியங்களையும் தரவுத்தளத்தையும் எடுக்கும். ரகசியச் சாவிகள் உள்ள அமைப்புக் கோப்பை எடுக்காது. மறையாக்கிய தரவும் அதைத் திறக்கும் சாவியும் ஒரே மூட்டையில் இருக்கக்கூடாது என்பதால் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. ஆனால் சாவிக் கோப்பு இல்லாமல் மீட்டவர்களுக்கு இரட்டைச் சரிபார்ப்பும் தானியங்கிச் சோதனைகளின் ரகசிய மாறிகளும் திறக்காது.

போர்ட் எண்ணிலும் ஒரு சிறு சண்டை உண்டு. சர்வரின் சொந்த எஸ்.எஸ்.எச். 22-இல் உட்கார்ந்திருக்கிறது, மேடைக்கும் அதுவே வேண்டும். மேடையை 2222-க்கு நகர்த்தினால் ஒவ்வொரு களஞ்சிய முகவரியிலும் அந்த எண் தொங்கும். அது பிடிக்காதவர்கள் வெளியே 'கிட்' என்ற பயனரை உருவாக்கி, வரும் இணைப்பைக் கொள்கலனுக்குள் தள்ளிவிடுகிறார்கள். கிட்டோலைட் காலத்து உத்தி இப்படி வேறு வாசல் வழியே உள்ளே வந்துவிட்டது. தானியங்கிச் சோதனைகளை இயக்கும் ரன்னருக்கு டாக்கரின் சாக்கெட்டைத் திறந்துகொடுப்பதை மட்டும் சாதாரணமாக எண்ணக்கூடாது. அது சர்வரின் ரூட் அதிகாரத்தைக் கொடுப்பதற்குச் சமம்.

காக்கும் உழைப்பின் தன்மையை 2017 ஜனவரி 31 நிகழ்வு ஆவணப்படுத்தியது. கிட்லேபின் சொந்த இணையச் சேவையில், துணைத் தரவுத்தளத்தின் கோப்புகளை நீக்குவதாக எண்ணிய பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது கிடங்கு காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் கருவி 9.2 பதிப்பு, அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் நிராகரித்துவந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகலால் மீண்டார்கள். நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி சுமார் 5,000 திட்டங்களின் பதிவுகளும் 5,000 கருத்துகளும் 700 புதிய கணக்குகளும் பாதிக்கப்பட்டன. கிட் களஞ்சியங்களில் இழப்பு இல்லை. மேலே பிரித்துக்காட்டிய வேறுபாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டாம்: நிரல் தப்பியது, நிரலைச் சுற்றி நடந்த உரையாடல் போனது.

சொந்தமாக நடத்துபவர்களுக்கு இதன் சிறிய வடிவம், கம்போஸ் கோப்பில் தரவுத்தள இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று எழுதிவைப்பது. போஸ்ட்கிரெஸின் பெரும்பதிப்பு மாறினால் பழைய தரவுக் கோப்புகளைப் புதிய இமேஜ் தொடாது, எழ மறுக்கும். பழைய பதிப்பை மீண்டும் எழுப்பி, தரவை வெளியே கொட்டி, புதியதில் ஏற்ற வேண்டும். கிட்லேபிலும் பதிப்புகளைத் தாவிச் செல்ல முடியாது. இடையில் நின்றே ஆகவேண்டிய பதிப்புகள் உண்டு.

இவ்வளவு உழைப்பையும் ஏன் ஏற்கிறார்கள்? செலவுக் கணக்கு இதை விளக்காது; 2019 ஜனவரி முதல் கிட்ஹப் தனிக் களஞ்சியங்களையும் இலவசமாகவே தருகிறது. பிறர் வீட்டுக் கதவு எப்போது சாத்தப்படும் என்ற ஐயமே முதன்மைக் காரணம். 2014 டிசம்பரில் பயங்கரவாதப் பிரசாரத்தைக் காரணம் காட்டி இந்திய அரசு முடக்க உத்தரவிட்ட 32 முகவரிகளில் கிட்ஹப்பும் இருந்தது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தடைகளின்பேரில் ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. இதே ஆண்டுகளில் டெபியன் அலியோத்தை மூடிவிட்டுச் சொந்தக் கிட்லேபுக்கு மாறியது. டெஸ்க்டாப் திட்டங்களான நோமும் பின்னர் கேடிஈயும் அவ்வாறே செய்தன.

சொந்த மேடைகளின் உலகமும் இந்த ஐயத்துக்கு விலக்காகவில்லை. 2022 அக்டோபரில் கிட்டீயின் பெயரும் வணிகச் சின்னமும் ஒரு நிறுவனத்திடம் இருப்பதாக அறிவிப்பு வந்ததும் பங்களிப்பாளர்களில் ஒரு பகுதியினர் கிளம்பினர். பெர்லினின் கோட்பெர்க் சங்கத்தின் குடையில் அவ்வாண்டு டிசம்பரிலேயே ஃபோர்ஜேயோ பிறந்தது. சோர்ஸ்ஃபோர்ஜ் காலத்துக் காட்சி இருபது ஆண்டுகளுக்குப் பின் மறுபடி நடந்தது.

கொள்கலன் சேர்த்த புதிய சார்பு இமேஜ் கிடங்கைப் பற்றியது. 2020 நவம்பரில் டாக்கர் ஹப், கணக்கில்லாமல் இழுப்பவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 முறை என்று வரம்பு கட்டியபோதுதான், சொந்த சர்வர் வைத்திருந்த பலர் தங்கள் மேடையின் அடுத்த பதிப்பு இன்னொருவர் கிடங்கிலிருந்து வருவதைக் கவனித்தார்கள். மேடைகளே இப்போது கிடங்குகளாகியிருக்கின்றன. கிட்லேப் 2016-இலும் கிட்டீ 2022-இலும் இமேஜ்களைச் சேமிக்கும் வசதியைச் சேர்த்தன. ஃபோர்ஜேயோவின் இமேஜ் வெளியாவது கோட்பெர்க்கின் கிடங்கிலிருந்து. அந்தக் கோட்பெர்க்கை இயக்குவதும் ஃபோர்ஜேயோதான்.