ஹாஜிகளுக்காக அச்சிடப்பட்ட இரண்டு தாள்கள்

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் இன்று ஓர் அட்டையைப் பையில் செருகிக்கொண்டு விமானம் ஏறுகின்றனர். எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் சவூதி அரேபியாவில் புழங்கியது வெள்ளி ரியால். ஜித்தாவில் கப்பலிலிருந்து இறங்கிய பயணி, ஸர்ராஃப் எனப்படும் நாணயமாற்று வணிகரிடம் தம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கனத்த காசுகளைச் சுமந்து மக்காவுக்குச் செல்ல வேண்டியிருந்தது.

இச்சுமையைக் குறைக்கவே சவூதி நாணய முகமை 1953-இல் பத்து ரியால் மதிப்புள்ள ‘ஹாஜிகள் ரசீது’ ஒன்றை வெளியிட்டது. அரபியோடு பாரசீகம், உருது, துருக்கி, மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் அதில் வாசகங்கள் இருந்தன. (தமிழ் இல்லை; நம்மவர்கள் உருது தெரிந்த தோழரைத்தான் நாடியிருப்பர்.) பெயரளவில் ரசீது; ஆயினும் ஹாஜிகள் திரும்பிச் சென்ற பின்னரும் வணிகர்கள் அதையே பணமாகக் கையாண்டனர். முறையான தாள்பணம் 1961-இல்தான் வந்தது.

மற்றொரு தாள் இந்தியாவினுடையது. குவைத், பஹ்ரைன், கத்தர், துபாய் முதலிய இடங்களில் அக்காலத்தில் இந்திய ரூபாயே செல்லுபடியாயிற்று. அங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பியவருக்கு மாற்று விகிதம் என்ற கவலையே இல்லை. ஆனால் கடத்தல்காரர்கள் ரூபாயை வளைகுடாவுக்குக் கொண்டுசென்று தங்கம் வாங்கினர். அங்கே குவிந்த ரூபாய்க்கு இந்திய ரிசர்வ் வங்கி அந்நியச் செலாவணி கொடுக்க நேர்ந்தது. ஆகவே 1959-இல் இந்தியாவுக்குள் செல்லாத தனி ‘வளைகுடா ரூபாய்’ அச்சிடப்பட்டது. அதனோடு, இந்திய ஹாஜிகளுக்கென 10 ரூபாய், 100 ரூபாய் மதிப்பில் ஹஜ் நோட்டுகளும் வந்தன.

குவைத் 1961-இலும், பஹ்ரைன் 1965-இலும் சொந்த தினாருக்கு மாறின. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 4.76 ரூபாயாக இருந்த டாலர் ஒரே நாளில் 7.50 ஆயிற்று. வளைகுடா ரூபாயைச் சேமித்து வைத்திருந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. எனினும் வெளிநாட்டுச் சந்தையில் அவருடைய பணத்தின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. கத்தரும் துபாயும் அவ்வாண்டே ரூபாயைக் கைவிட்டன. ஊருக்கு அனுப்பும் ஒவ்வொரு தொகையும் அதன்பின் விகிதக் கணக்குக்கு உட்பட்டதாயிற்று.

இரு வேறு நாணயங்களை மாற்றும்போது விலை கூடவும் குறையவும் செய்யலாம். மாற்றம் அதே அமர்வில் கைக்குக் கை முடிய வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களின் விதி. விலையை இருவரின் இசைவுக்கே மார்க்கம் விட்டிருப்பதால், கேட்டறியும் பொறுப்பு நம்முடையது. நம் வீடுகளில் பலர் கேட்பது கட்டணத்தை மட்டுமே. விகிதத்தைக் கேட்பதில்லை. 1,000 ரியால் அனுப்பும்போது ரியாலுக்கு 30 காசு குறைத்துக் கொடுத்தால், ‘கட்டணம் இல்லை’ என்ற அறிவிப்பின் கீழேயே 300 ரூபாய் போய்விடும். எனவே, “ஊரில் எத்தனை ரூபாய் கைக்கு வரும்?” என்று இரண்டு மூன்று இடங்களில் ஒரே நாளில் கேட்பதே சரியான ஒப்பீடு.

மக்காவின் கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போதும் ‘ரூபாயிலா, ரியாலிலா?’ என்று இயந்திரம் கேட்பதுண்டு. ரூபாய் என்றால், விகிதத்தைக் கடைக்காரரின் தரப்பு தீர்மானிக்கும். அது பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே அமையும். ரியாலையே தேர்ந்தெடுங்கள். அன்றைய ஸர்ராஃபிடம் பேரம் பேச முடிந்தது. இந்த இயந்திரத்திடம் அது முடியாது.